பெயர் மாற்றும் சீட்டு

காலை ஒன்பது பத்துக்கு தகட்டை அச்சில் அழுத்தும் இருநூறு டன் பிரஸ் கீழே இறங்கியபோது, அச்சு மாட்டுகிற டை செட்டரின் வலது கை அதற்குள் இருந்தது. இரும்புப் பாளம் மறுபடி மேலே போனபோது, மணிக்கட்டுக்குக் கீழே இருந்ததைக் கை என்று சொல்ல முடியவில்லை. அச்சின் பள்ளத்துக்குள் தகட்டோடு தகடாக அது படிந்திருந்தது. அவர் கத்தவில்லை. வேறு யாருடைய பொருளையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார், பிறகு முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றவன்தான் கத்தினான்.

முன் கட்டடத்திலிருந்து ஓடி வந்தவர்களில் அவருடைய மனைவியின் அக்காவும் ஒருத்தி. ஆபீசில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அந்த நிறுவனம் செய்து விற்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. அதில் எல்லா நிரல்களுக்கும் அடியில் உட்கார்ந்து மோட்டார், பிரேக், சென்சார் எல்லாவற்றையும் மேய்க்கிற நிரலைக் கெர்னல் என்பார்கள். அந்தக் கெர்னலுக்குள் ஒரு வரி நுழைய வேண்டுமானாலும் அவள் கண்ணில் பட்டுத்தான் நுழைய வேண்டும். அதனால் சல்லடை.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது டை செட்டர் அவளைப் பார்த்துவிட்டார். உதடு வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"சிவப்பு எரிஞ்சுதா? நீங்க பாத்தீங்களா?"

"பேசாதீங்க மாப்பிள்ளை, பேசாதீங்க."

"நான் எதையும் தொடல. சிவப்பு எரிஞ்சுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

அவர் கேட்டது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிரஸ்ஸின் முன்பக்கம் இரண்டு தூண்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் வரிசையாக ஓடும். அதற்கு ஒளித்திரை என்று பெயர். கை உள்ளே போனால் கதிர் அறுபடும், தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், கெர்னல் பிரேக்கைப் பிடித்துப் பாளத்தை நடுவழியிலேயே நிறுத்திவிடும். ஆனால் அவசரக்காரர்கள் சிலர் ஒயரைக் குறுக்கே இணைத்து, கதிர் அறுபடாததுபோல் திரையை ஏமாற்றுவதும் உண்டு. பதினோரு மணிக்குள் மேலாளர் அறிக்கையே எழுதி முடித்துவிட்டார்: தொழிலாளி ஒளித்திரையை ஏமாற்றியிருக்கலாம், கவனக்குறைவு. மூன்று மணிக்கு அந்த பிரஸ்ஸை வாங்க ஆட்கள் வருகிறார்கள். கழுவித் துடைத்துத் தயாராக வையுங்கள் என்று பிரஸ் நிற்கும் ஷெட்டுக்கு உத்தரவும் போட்டாயிற்று. குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். சிவப்பாக ஓடி, இளஞ்சிவப்பாக ஓடி, கடைசியில் தண்ணீராகவே ஓடியது.

சல்லடை தன் மேசையில் பிரஸ் டிரைவரைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். கெர்னலுக்கும் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்கும் நடுவே நின்று பேசுகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இந்த டிரைவரை எழுதியவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது, தலை நிறையச் சுருள் முடி. சுருட்டை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"படிங்க அக்கா. சத்தமா படிங்க. கதிர் அறுந்தா 'உடனே நிறுத்து'. அவ்வளவுதான் எழுதியிருக்கேன். இதைவிட எப்படி எழுத முடியும்?"

அவள் ஆறாவது தடவை படித்தாள். 'உடனே நிறுத்து' என்று பெயரிட்ட கெர்னல் பகுதியைத்தான் அந்த வரி கூப்பிட்டது. அந்தப் பகுதியையும் திறந்து பார்த்தாள். பிரேக்கைப் பிடி, மோட்டாரை அறு. அதுவும் சுத்தம்.

"அப்ப மாப்பிள்ளை ஒயரை மாத்தினாரா?"

"நான் அப்படிச் சொல்லல. ஆனா என் வரி சரியா இருக்கு. வேற யார் தப்பு?"

அவளுக்குக் கோபம் வந்தது. கடைசியாக ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று, டிரைவரை மறுபடி கம்பைல் செய்து, அது கூப்பிடுகிற பெயர்களின் பட்டியலைக் கேட்டு ஒரு கட்டளையைத் தட்டினாள். நாம் எழுதுவது ஒரு கோப்பு, இயந்திரம் ஓட்டுவது அதிலிருந்து சமைத்தெடுத்த இன்னொரு கோப்பு. இரண்டாவதை யாரும் வரி வரியாகப் படிக்க மாட்டார்கள். ஆனால் அதற்குள் என்னென்ன பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன என்று கேட்டால் சொல்லும். திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

அப்போதுதான் கதவு உடைந்தது.

திறக்கவில்லை, உடைந்தது. உள்ளே வந்தவன் ஷெட்டின் தலைமை ஃபிட்டர், அவளுடைய கூடப்பிறந்த தம்பி. கையில் முழநீள ஸ்பானர். சட்டை மார்பில் பழுப்பாகக் காய்ந்திருந்தது அவனுடைய ரத்தம் இல்லை. பின்னாலேயே நாலைந்து ஆட்கள்.

"எவன்டா அது, பிரஸ்ஸுக்கு எழுதுனவன்?"

"டேய், வெளிய போ. நான் பாத்துட்டிருக்கேன்" என்று சல்லடை எழுந்தாள்.

"நீ பாத்துட்டே இரு அக்கா. உனக்கு ஏசி ரூம் இருக்கு, நாற்காலி இருக்கு. அங்க மச்சானுக்கு முழங்கை வரைக்கும் எடுத்துட்டாங்க." ஸ்பானர் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி முதல் மானிட்டரில் இறங்கியது. கண்ணாடி பொரிபொரியாகச் சிதறியது. "பிரேக்கை நானே பிரிச்சுப் பாத்தேன். புதுசு மாதிரி இருக்கு. பிரேக்குக்கு உங்க பெட்டி சொல்லவே இல்ல!" இரண்டாவது மானிட்டர். "சொல்லாதவன் எவன்?"

சுருட்டை எழுந்து நின்றான். ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

"நான்தான் எழுதினேன். நிக்கணும்னு எழுதியிருக்கேன்."

ஃபிட்டரின் இடது கை அவன் மூக்கில் இறங்கியது. ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. சுருட்டை மேசைமேல் சரிந்து, மேசையோடு தரையில் விழுந்தான். வயிற்றில் ஒரு உதை. இன்னொன்று. குறுக்கே பாய்ந்த அக்காவைத் தம்பி தோளால் இடித்துத் தள்ளினான். அவள் பைல் அலமாரியில் தலை மோதி உட்கார்ந்தாள்.

"எழுதியிருக்கியா? நிக்குமா?"

"நிக்கும்." ரத்தம் வாய்க்குள் வழிய வழியச் சுருட்டை சொன்னான். "நூறு தடவை கேட்டாலும் நிக்கும். உங்க மச்சான்தான் எதையாவது..."

சொல்லி முடிக்கவில்லை. ஃபிட்டர் அவனுடைய காலரைப் பிடித்துத் தூக்கினான். திடீரென்று குரல் தணிந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

"சரி. வா. நீ எழுதுனதுல நீயே கை வை. நின்னுச்சுன்னா மச்சான் மேல தப்பு. உன் கால்ல விழுறேன்."

"வைக்கிறேன்யா! வா!"

இதைக் கேட்டு யாருக்காவது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றலாம். நிரல் எழுதுகிறவர்களைத் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது. தான் எழுதியதைத் தானே படித்துப் படித்து, எழுத்தில் இருப்பதுதான் இயந்திரத்திலும் இருக்கிறது என்று முழுசாக நம்புவது அவர்களுக்கே உரிய வியாதி. சுருட்டை இழுக்கப்பட்டுப் போகவில்லை. தன் காலாலேயே நடந்து போனான்.

சல்லடை அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். காதுக்குள் ரீங்காரம். உடையாமல் தப்பித்தது அவளுடைய மானிட்டர் ஒன்றுதான். பட்டியல் ஓடி முடிந்து நின்றிருந்தது. டிரைவர் கூப்பிடுகிற பெயர்கள் மொத்தம் முப்பத்தொன்று. மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள்.

'உடனே நிறுத்து' இல்லை.

அந்த இடத்தில் 'மெல்ல நிறுத்து' இருந்தது.

அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. வைத்தவளே அவள்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்பு நடந்தது அது. அப்போது நிறுவனம் பெட்டிகளை நகர்த்தும் ரப்பர் பட்டை இயந்திரங்களை மட்டும்தான் செய்துகொண்டிருந்தது. அறுபது பழைய டிரைவர்கள், எல்லாவற்றிலும் 'உடனே நிறுத்து'. பட்டை சடாரென்று நின்றால் மேலே இருக்கும் பெட்டிகள் பறக்கும். அதனால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துகிற 'மெல்ல நிறுத்து' என்ற புதுப் பகுதியை அவள் எழுதினாள். அறுபது கோப்புகளையும் திறந்து திருத்தச் சோம்பல். ஒரே வரியில் வேலையை முடித்தாள்.

அந்த வரிக்கு மேக்ரோ என்று பெயர். எழுதியதைச் சமைத்துத் தருகிற கம்பைலர் ஒரு கோப்பைப் படிப்பதற்கு முன்னால் அதை ஒரு எழுத்தர் வாங்கிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் ஒரு சீட்டு: "இந்தப் பெயர் எங்கே வந்தாலும் அதை அடித்துவிட்டு அந்தப் பெயரை எழுது." அவர் கேள்வி கேட்க மாட்டார். மாற்றினேன் என்று ஓரத்தில் குறிக்கவும் மாட்டார். நம் கோப்பில் பழைய பெயரே இருக்கும். கம்பைலர் புதுப் பெயரைத்தான் படிக்கும். இன்னொரு விஷயம், அந்தச் சீட்டு தொற்றும். சீட்டு இருக்கும் கோப்பை இன்னொரு கோப்பு சேர்த்துக்கொண்டால் அதற்கும் சீட்டு செல்லும், அதைச் சேர்த்துக்கொள்ளும் மூன்றாவதற்கும் செல்லும். 'இரண்டு வாரத்துக்கு மட்டும்' என்று அவள் பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தாள்.

போன வாரம் கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது, மோட்டார்களுக்கான பொதுக் கோப்பு அந்தச் சீட்டுக் கோப்பைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு அனுமதி கொடுத்தவளும் அவள்தான். பிரஸ் டிரைவர் மோட்டார் கோப்பைச் சேர்த்துக்கொண்டிருந்தது. மறுசோதனையில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். எரிந்தது. தேர்ச்சி.

'மெல்ல நிறுத்து' முடிய ஒரு விநாடி ஆகும். பாளம் கீழே வந்து சேர அரை விநாடி போதும்.

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று வராந்தாவிலேயே கழன்றது. கண்ணாடித் துண்டு உள்ளங்காலில் ஏறியது தெரியாமல் முற்றத்தைக் கடந்தாள். ஷெட்டின் பெரிய ஷட்டர் இறங்கியிருந்தது. ஆட்கள் வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சின்னக் கதவைப் பூட்டத் தம்பிக்கு நினைவில்லை.

உள்ளே பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய சக்கரம் சுழலும் உறுமல் தரை வழியாகக் காலில் ஏறியது. சுருட்டை முழங்காலிட்டு, வலது கையை முழங்கை வரை அச்சுக்கு மேலே நீட்டியிருந்தான். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் அதை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான், ரத்தப் பல்லோடு.

"எரியுது பாத்தீங்களா அண்ணே? இப்ப மிதிச்சாலும் இறங்காது."

"அது நின்னுட்டிருக்கும்போது எரியுற விளக்கு. எடு கையை. மிதிச்சப்புறம் விடு. மச்சான் விட்டமாதிரி." சுருட்டை கையை வெளியே எடுத்தான். ஃபிட்டரின் பூட்ஸ் பாளத்தை இறக்குகிற பெடலுக்கு மேலே தொங்கியது. "நான் சொல்றப்ப உள்ள விடலன்னா, நானே பிடிச்சு விடுவேன்."

"கையை வைக்காதே!" அவள் கத்தினாள். "நிக்காது! அதுல நீ எழுதினது இல்ல! நான் எழுதினது இருக்கு!"

உறுமலில் யாருக்கும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்துகிற சிவப்புப் பட்டன் இயந்திரத்தின் மறுபக்கம். சுற்றிப் போக நேரமில்லை. அச்சைத் தூக்கி வைக்கிற கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. அவள் எடுத்தாள். வாழ்க்கையில் ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை. தம்பியின் முழங்காலில், பக்கவாட்டில், தன் முழு எடையும் சேர்த்து அடித்தாள்.

அவன் அலறிக்கொண்டு சாய்ந்தான். சாயும்போது பூட்ஸ் பெடலில் விழுந்தது.

பாளம் இறங்கத் தொடங்கியது. சுருட்டை, சொன்னது சொன்னபடி, கையை உள்ளே விட்டான்.

அவள் இடது கையால் அவனுடைய சுருள் முடியைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். முடி பிய்ந்து கையோடு வந்தது. அவனும் வந்தான். வலது கையிலிருந்த கடப்பாரை மட்டும் கதிர்களுக்குக் குறுக்கே நின்றது. விளக்கு சிவப்பாகப் பளிச்சென்று எரிந்தது. மூன்று பேரும் பார்த்தார்கள். சிவப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, எந்த அவசரமும் இல்லாததுபோல், பாளம் இறங்கி வந்து கடப்பாரையின் நுனியைத் தட்டையாக்கியது. மறுநுனி அவள் பிடியிலிருந்து எகிறி அவளுடைய விலாவில் அடித்தது. அதற்கப்புறம்தான் பிரேக் பிடித்தது. மெல்ல. பதமாக. பெட்டிகள் பறந்துவிடக் கூடாது என்று அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

ஃபிட்டர் தவழ்ந்து போய்ச் சிவப்புப் பட்டனை அடித்தான். உறுமல் அடங்கியது.

சுருட்டை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஐந்து விரலும் இருந்தன. ஒரு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

"சிவப்பு எரிஞ்சுதே" என்றான் தம்பி. "எரியும்போதே இறங்குச்சே. அப்ப மச்சான்..."

"மாப்பிள்ளை சரியாத்தான் இருந்தாரு. இவனும் சரியாத்தான் எழுதினான். நடுவுல பெயரை மாத்தி வெச்சது நான்டா. நாலு வருஷம் முன்னாடி. எடுக்க மறந்துட்டேன்."

அவன் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்தான். அவள் நகரவில்லை. வருவது என்னவென்று தெரிந்துதான் நின்றாள். மூடிய முஷ்டி. வாய்க்குள் உப்பு நிறைந்தது, ஒரு பல் நாக்கில் உருண்டது. அவள் விழுந்த இடத்திலேயே அவனும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் அழுததுபோல் வாய்விட்டு அழுதான்.

"உன்னையா நான் அடிக்கணும்? உன்னையா அக்கா?"

"அடிச்சாச்சு இல்ல. விடு."

சுருட்டை மூக்கைச் சட்டையில் அழுத்திக்கொண்டு வந்தான். "போன வருஷம் நான் ஒண்ணு அனுப்பினேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பெயர் மாற்றும் மேக்ரோக்களுக்கு ஒரு வேலி. அவை எல்லாம் ஒரே ஒரு கோப்பில்தான் இருக்கலாம். எந்தக் கோப்புக்கு வேண்டுமோ அது வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் எங்காவது ஒட்டிக்கொண்டால் கெர்னல் கட்டமைக்கப்படாமல் அங்கேயே நின்றுவிடும். கூட்டத்தில் அவள் அதைப் படித்துவிட்டு, "பெயர் மாத்தறதுக்கெல்லாம் போலீஸ் காவல் போட முடியாதுப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுருட்டையும் சிரித்தான், வேறு வழியில்லாமல்.

"இன்னும் வெச்சிருக்கியா?"

"அழிக்கல."

இருவரும் முன் கட்டடத்துக்கு நடந்தார்கள். அவள் காலிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிவப்புப் பொட்டு தரையில் விழுந்தது. மேலாளர் உடைந்த மானிட்டர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், என்ன கோலம் இது? போலீசைக் கூப்பிடவா? மூணு மணிக்கு ஆள் வராங்க!"

"கூப்பிடுங்க. வரவங்களை வர வேண்டாம்னும் சொல்லுங்க. இப்ப நான் ஒண்ணைச் சேர்க்கப் போறேன். சேர்த்தா எந்த மெஷினுக்கும் கெர்னல் கட்ட முடியாது. எல்லாம் நிக்கும்."

"ஒரே ஒரு நாள் தள்ளிப் போடக் கூடாதா? அந்த பிரஸ்ஸை மட்டும் கையால சரி பண்ணிட்டு..."

"இரண்டு வாரம்னு நானும் எழுதி வெச்சேன்" என்றாள் அவள். வீங்கிய உதட்டில் வார்த்தைகள் குழறின. சுருட்டையின் பழைய வேலியைத் தேடி எடுத்தாள். சல்லடை என்று பெயர் வாங்கியவள் அதை ஒவ்வொரு வரியாகப் படித்தாள், இந்தத் தடவை சிரிக்காமல். பிறகு உள்ளே சேர்த்து, கட்டமைக்கச் சொல்லித் தட்டினாள்.

சில விநாடிகளில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். அனுமதி இல்லாத பெயர் மாற்றம். அனுமதி இல்லாத பெயர் மாற்றம். அறுபது பழைய டிரைவர்கள், பிரஸ்ஸோடு அறுபத்தொன்று. எல்லா வரியும் ஒரே கோப்பைக் கைகாட்டின, அந்தக் கோப்பின் தலையில் அவளுடைய பெயர் இருந்தது. கெர்னல் நின்றது. இந்தத் தடவை உடனே.

மேலாளரின் அறிக்கை மேசையில் கிடந்தது. 'கவனக்குறைவு' என்ற இடத்தை அடித்துவிட்டு, நடந்ததை மூன்று வரியில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

போன் அடித்தது. தங்கை.

"முழிச்சுட்டாருக்கா. கையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. சிவப்பு எரிஞ்சுதா, சிவப்பு எரிஞ்சுதான்னு அதையே கேட்டுட்டிருக்காரு. நான் என்னன்னு சொல்றது?"

"எரிஞ்சுதுன்னு சொல்லு. நான் என் கண்ணால பாத்தேன்."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் பல்லைக் காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைத்தாள்.

"நேர்ல வரேன். மிச்சத்தை அவர் முகத்தைப் பாத்துத்தான் சொல்லணும்."